தளம் போட்ட பிறகு கம்பியை யார் பார்ப்பது? வீடு கட்டும்போது 'தேர்ட் பார்ட்டி' ஆய்வு ஏன் தேவை?

2021 ஆகஸ்ட். சென்னை புளியந்தோப்பு கே.பி.பார்க் குடியிருப்பில், கையால் சுரண்டினாலே சுவர்ப்பூச்சு பொலபொலவென உதிரும் வீடியோக்கள் வைரலாகின. அதன் பிறகுதான் கட்டடத்தின் தரத்தை ஆராய சென்னை ஐஐடி நிபுணர்கள் அழைக்கப்பட்டனர்.

பூச்சு என்பதால் கண்ணில் பட்டது. பெயர்த்துவிட்டு மறுபடி பூசலாம். கான்கிரீட்டுக்குள் நடக்கும் தப்பு அப்படி இல்லை. 2014 ஜூன் 28-ல் சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத்தான் இடிக்க வேண்டியிருந்தது.

யார் இந்த மூன்றாவது ஆள்?

கட்டுபவரிடம் சம்பளம் வாங்காத இன்ஜினியர். அவ்வளவுதான். வேலை எவ்வளவு முடிந்தது, எப்படி முடிந்தது என்ற இரண்டையும் அவர் பார்ப்பார். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

"பேங்க்லேர்ந்தே வந்து பார்த்துட்டாங்களே" என்று சிலர் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். வீட்டுக்கடன் தவணையை விடுவிக்கும் முன் வங்கி அனுப்பும் ஆள், எத்தனை சதவீத வேலை முடிந்தது என்று பார்த்து, போட்டோ எடுத்துட்டு போவார். கடனுக்கு அந்த இடம் ஈடாகுமா என்பதுதான் அவர் கவலை. தூணில் கம்பி சரியா என்பது அவர் வேலையே இல்லை.

ரெரா இருக்கிறதே?

அடுக்குமாடி வாங்குபவர்களுக்கு 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது. வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தை பில்டர் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் வேலையின் அளவுக்குச் சான்று கொடுத்தால்தான் அதிலிருந்து எடுக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திட்டத்தின் நிலையை இணையதளத்திலும் பதிவேற்ற வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சான்று சொல்வதும் பெரும்பாலும் 'எவ்வளவு' என்பதைத்தான். போதாததற்கு, அந்த மூவரையும் ஏற்பாடு செய்வது பில்டரே.

சொந்த மனையில் தன் வீட்டைக் கட்டிக்கொள்பவருக்கு இதுவும் கிடையாது. மேஸ்திரி சொல்வதே சட்டம்.

எப்போது பார்க்கணும்?

இதுதான் முக்கியம். வீடு முடிந்ததும் ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு போய்க் காட்டுவதில் பாதிப் பயன்கூட இல்லை. அஸ்திவாரம், பில்லர், பீம், தளம் என ஒவ்வொன்றிலும் கம்பி கட்டி முடித்த பிறகு, கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பு அவர் வர வேண்டும். கம்பியின் தடிமன், இடைவெளி, ரிங், லேப் எல்லாம் டிராயிங்கில் உள்ளபடி இருக்கா என்று எண்ணிப் பார்க்க முடிவது அந்தச் சில மணி நேரம் மட்டுமே. கவர் பிளாக்கும் அப்படித்தான். தளத்தில் கம்பிக்குக் கீழே குறைந்தது 20 மில்லிமீட்டர், பில்லரில் 40 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும். பல இடங்களில் ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சில வருஷம் கழித்து கம்பி துருப்பிடித்து, சீலிங் பெயர்ந்து விழும்போதுதான் விஷயம் தெரியும்.

கான்கிரீட் போடும் நாளன்றும் ஆள் வேண்டும். தள்ளுவதற்கு ஈஸியாக இருக்கும் என்று கலவையில் தண்ணீரைக் கூட ஊற்றுவது சர்வ சாதாரணம். தண்ணீர் கூடினால் பலம் குறையும்.

க்யூப் டெஸ்ட்

15 சென்டிமீட்டர் கன சதுர அச்சில் கலவையை நிரப்பி, 28-வது நாளில் லேபில் அழுத்திப் பார்ப்பார்கள். எம்20 கான்கிரீட் என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். 1,000 சதுர அடி தளத்தை 5 அங்குலத்தில் போட்டால் கிட்டத்தட்ட 12 கன மீட்டர் கான்கிரீட். ஐஎஸ் 456 விதிப்படி இதற்கு 2 மாதிரி, மாதிரிக்கு 3 என மொத்தம் 6 க்யூப் எடுக்கணும். டெஸ்டுக்கென்றே தனியாக சிமென்ட் தூக்கலாகக் கலந்து க்யூப் போடுவதும் நடக்கும்; அதனால் தளத்துக்குப் போகும் கலவையிலிருந்தே, ஆய்வாளர் கண் முன்னால் எடுத்து, தேதி எழுத வேண்டும்.

அடுத்தது தண்ணீர் விடுவது. நம்மூர் வெயிலில் குறைந்தது 10 நாள். வீடுகளுக்கு அதிகம் பயன்படும் பிபிசி சிமென்ட் என்றால் 14 நாள். மூன்றாம் நாளே பாத்தி காய்ந்து கிடந்தால் அறிக்கையில் அதுவும் வர வேண்டும்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதணும்?

பேஸ்மென்ட்டுக்கு இவ்வளவு, லிண்டலுக்கு இவ்வளவு, ரூஃபுக்கு இவ்வளவு என்றுதான் வழக்கமாகப் பேசுவார்கள். ரூஃப் போட்டால் பணம் என்றால், சீக்கிரம் போடத்தான் பார்ப்பார்கள். ஆய்வாளர் எழுத்தில் ஓகே சொல்லாமல் கான்கிரீட் போடக்கூடாது, அவர் அறிக்கைக்குப் பிறகே அடுத்த தவணை என்ற இரண்டு வரிகளை முதலிலேயே சேருங்கள். பாதி வேலையில் போய்க் கேட்டால் சண்டைதான் வரும். அவருக்கான ஃபீஸை நீங்களே நேரடியாகக் கொடுங்கள்.

ஏற்கனவே வீடு முடிந்துவிட்டதா?

ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசோனிக் சோதனைகள் மூலம் உடைக்காமலே ஓரளவு தெரிந்துகொள்ளலாம்; சந்தேகம் இருந்தால் கோர் வெட்டி லேபுக்கு அனுப்புவார்கள். ரெராவின் கீழ் வரும் வீடு என்றால், கையில் கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைப்பாட்டிலோ குறை தெரிந்து நீங்கள் சொன்னால், 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். இல்லையென்றால் இழப்பீடு கேட்கலாம். புகாரை வாட்ஸ்அப்போடு நிறுத்தாமல், போட்டோவும் தேதியும் சேர்த்து எழுத்தில் கொடுப்பது நல்லது.