வெண்மை: தோலின் நிறமா, எண்ணத்தின் நிறமா?

ஆன்மாவின் எண்ணங்களுக்குச் சமணம் ஆறு நிறங்கள் சொல்லும். கருமை, நீலம், புறாச்சாம்பல், பொன், தாமரை, வெண்மை. இவற்றுக்கு 'லேசியை' என்று பெயர்.

இதை விளக்கப் பெரியோர் நாவல் மரக் கதை சொல்வார்கள். பசித்த ஆறு பேர். கரிய எண்ணத்தவன் மரத்தையே வேரோடு வெட்டலாம் என்றான். மற்றவர்கள் பெருங்கிளை, சிறுகிளை, கொத்து, பழம் என்று ஒவ்வொருவராய் ஆசையைக் குறைத்தார்கள். கடைசி ஆள், "கீழே உதிர்ந்து கிடக்கிறதைப் பொறுக்கினாலே வயிறு ரொம்பிடுமே" என்றான். அவன் எண்ணமே வெண்மை.

உடல் நிறம் 'திரவிய லேசியை'. எண்ணத்தின் நிறம் 'பாவ லேசியை'. உயர்வு தாழ்வு பின்னதில்தான். 22ஆம் தீர்த்தங்கரர் நேமிநாதர் கருநிறத்தவர். திருவண்ணாமலை மாவட்டம் திருமலையில் 16 அடி உயரத்தில் நிற்கும் அவரை வணங்கிவிட்டு வந்து, "பொண்ணு சிவப்பா, கறுப்பா?" என்று கேட்கலாமா? ஊர்விட்டு வந்து இத்தனை வருஷம் ஆச்சு, இந்தக் கேள்வியை மட்டும் நாம் விட்டபாடில்லை. நம் பிள்ளைகளுக்கு நாவல் மரக் கதையைச் சொல்லுவோம்.