வேலிக்கு என்ன நிறம்?



இன்றைய உரையின் தலைப்பைக் கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வரலாம். வேலிக்கு எந்த நிறச் சாயம் பூசுவது என்பதும் ஒரு வரலாற்றுப் பாடமா என்று நீங்கள் கேட்கலாம். வரலாறு என்றாலே மன்னர்களும் போர்களும்தாம் என்று நாம் பழகிவிட்டோம். ஆனால், நம் வீட்டு வாசலில் நிற்கும் வேலிக்கும் ஒரு வரலாறு உண்டு. நம் பாட்டன் பாட்டிமாரின் கதையும் அதில் அடங்கியிருக்கிறது.

அண்மையில் நம் மாணவன் ஒருவனின் குடும்பம், தோட்டத்து லயத்தை விட்டுக் கிள்ளான் பக்கம் ஒரு தாமானில் மலிவு விலை வீடு வாங்கிக் குடியேறியது. நலம் விசாரிக்கப் போயிருந்தோம். வாசலில் புதிதாகப் பலகை வேலி அடித்திருந்தார்கள். அதற்கு என்ன சாயம் பூசுவது என்று வீட்டில் ஒரே வாக்குவாதம். தகப்பனார் பச்சை என்றார். தாயார், மண்ணிறமாக இருந்தால் அழுக்குத் தெரியாது என்றார். பையனோ பளிச்சென்ற மஞ்சள்தான் வேண்டும் என்று அடம்பிடித்தான். ஓரமாக அமர்ந்திருந்த பாட்டியிடம், “உங்களுக்கு எந்த நிறம் பிடிக்கும், அம்மா?” என்று கேட்டோம்.

“தெரியலையே, வாத்தியாரே! லயத்துல இருந்தவரைக்கும் யாரும் எங்களைக் கேட்டதில்ல. சுண்ணாம்பு அடிச்சுட்டுப் போவாங்க, அவ்வளவுதான்” என்றார் அவர்.

அந்தச் சொல் நம் நெஞ்சைத் தொட்டது. அதை விளங்கிக்கொள்ளவே நாம் இன்று சற்றுப் பின்னோக்கிப் போகிறோம்.

தமிழில் ‘வேலி’ என்னும் சொல் தோட்டத்தைச் சுற்றி அடைக்கும் வேலியை மட்டும் குறிப்பதன்று. அது ஒரு நில அளவையும் ஆகும். இருபது மா கொண்டது ஒரு வேலி; இன்றைய கணக்கில் ஏறத்தாழ ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலும் நிலத்தை வேலிக் கணக்கில் அளந்திருக்கிறார்கள். ஆகவே, வேலி என்ற உடனே ‘இது என்னுடைய நிலம்’ என்ற பொருளும் நம் மொழியில் கூடவே வந்துவிடுகிறது.

இனி நிறத்திற்கு வருவோம். கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய நிறம் எது? செங்கல்லின் சிவப்பு என்றே சொல்லலாம். தொடக்கத்தில் கோலாலம்பூர் அத்தாப்புக் கூரையும் மரச் சுவரும் கொண்ட ஊராகத்தான் இருந்தது. 1881ஆம் ஆண்டில் பெருந்தீ ஒன்று அதை அழித்தது. அதே ஆண்டில் வெள்ளமும் வந்தது. 1882இல் சிலாங்கூருக்கு ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிக் கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அதற்கு வேண்டிய செங்கற்களைச் சுட்டுக் கொடுத்த சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். பிரிக் என்றால் செங்கல். ஆகவே ஊரின் பெயரே ‘செங்கற்களம்’ என்றுதான் பொருள்படும். 1897இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் சிவந்த சுவர்களைப் பார்த்தால், அந்தக் காலத்தின் நிறம் இன்றும் கண்ணுக்குத் தெரியும்.

செங்கல் ஏன் சிவக்கிறது? களிமண்ணில் உள்ள இரும்புச் சத்து, சூளையின் வெப்பத்தில் காற்றுடன் சேர்ந்து சிவப்பாகிறது. நம் கோயில் மதில்களில் வெள்ளைப் பட்டைக்கு அருகே பூசும் காவியின் சிவப்பும் இதே இரும்பின் நிறம்தான். நெடுந்தொலைவில் உள்ள சுவீடன் நாட்டிலும் இப்படி ஒரு சிவப்பு உண்டு. அங்குள்ள பாலுன் என்ற ஊரின் செப்புச் சுரங்கத்துக் கழிவு மண்ணிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்தார்கள். செங்கல் வீடு செல்வர்களின் வீடு. மர வீட்டுக்காரர்கள் அதைப் போலத் தோன்ற வேண்டும் என்று இச்சாயத்தைப் பூசத் தொடங்கினார்கள். நாளடைவில் அது குடியானவர்களின் வீட்டுக்கும் வேலிக்கும் உரிய நிறமாயிற்று. விலை மலிவு, வெயிலுக்கு எளிதில் மங்காது, மரத்தையும் காக்கும்.

நம் தோட்டங்களின் நிறமோ வேறு. அது சுண்ணாம்பின் வெள்ளை. பத்துமலைக் குன்று எந்தக் கல்லால் ஆனதோ, அந்தச் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, நீற்றிக் கரைத்துப் பூசுவதே வெள்ளையடித்தல். சுண்ணாம்பு கிருமிகளைக் கொல்லும், செலவும் குறைவு. பொருள் நல்ல பொருள்தான். ஆனால், லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போய்விடும். தனக்குச் சொந்தமில்லாத சுவருக்கு நிறம் தேர்ந்தெடுக்க எவருக்குத்தான் மனம் வரும்?

வேலியும் அப்படியே. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நாட்டில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போய்ச் சேராதிருக்க மக்களை ஒன்றுசேர்த்துக் குடியமர்த்தினார்கள். சிதறியிருந்த தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளையும் ஓரிடத்தில் குவித்து முள்கம்பி வேலி போட்டார்கள். வாயிலில் சோதனை, இரவில் ஊரடங்கு. 1960ஆம் ஆண்டு ஜூலையில்தான் அவசரகாலம் முடிந்தது. நாம் கண்ட பாட்டி, அந்த முள்கம்பிக்குள் நடைபழகிய குழந்தை. அவர் அறிந்த முதல் வேலி, பிறர் போட்ட வேலி. அதற்கு நிறமே கிடையாது; துரு மட்டும்தான்.

நேயர்களே, இப்போது அவருடைய பதில் உங்களுக்கும் விளங்கியிருக்கும். தன் வேலிக்குத் தானே நிறம் சொல்வது, அந்தக் குடும்பத்தில் எத்தனையோ தலைமுறைக்குப் பிறகு வந்த உரிமை. அது சிறிய செய்தியன்று.

உரிமை வந்தால் அறிவும் கூட வர வேண்டும். அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாநிலக் குழந்தைகள் பலர் காரணம் புரியாத நோயால் வாடினார்கள். 1904ஆம் ஆண்டில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற மருத்துவர், வீட்டுத் திண்ணைகளின் கைப்பிடி வேலியில் பூசிய சாயமே காரணம் என்று எடுத்துக் கூறினார். வெயிலில் சாயம் பொடியாகிறது. பிள்ளைகள் அதைத் தொட்டு, விரலை வாயில் வைக்கிறார்கள். சாயத்தில் இருந்த காரீயம் உடலுக்குள் போகிறது. 1922இல் அங்கே இதற்குச் சட்டமே வந்தது. அமெரிக்காவில் வீட்டுச் சாயங்களுக்குத் தடை வந்தது 1978இல்தான்.

காரீயம் என்றது, நம் பள்ளத்தாக்கில் தோண்டி எடுத்த ஈயத்தை அன்று. அது வெள்ளீயம், இது வேறு உலோகம். இது பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். படிப்பில் பின்தங்கச் செய்யும். எவ்வளவு சிறிய அளவும் தீங்கற்றது என்று சொல்வதற்கில்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு எண்ணெய்ச் சாயங்களில்தான் இது மிகுதியாகக் கலக்கப்பட்டு வந்திருக்கிறது.

ஆகவே, பெற்றோர்களே, கடையில் நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். காரீயம் சேராதது என்று டின்னின் மேல் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பழைய வேலியில் உரியும் சாயத்தை உலர்ந்தபடி சுரண்டாதீர்கள். நனைத்துத் தேய்த்து, கழிவைக் கூட்டி அள்ளுங்கள். அந்த வேளையில் பிள்ளைகள் அருகில் இருக்க வேண்டாம். வேலை முடிந்ததும் கைகளை நன்றாகக் கழுவுங்கள்.

இந்தச் செய்திகளையெல்லாம் அந்த வீட்டிலும் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, சிறிது நேரம் கழித்து, “அப்படின்னா கோயில் மதில் மாதிரி காவி அடிக்கலாமா, ஐயா?” என்று மகனைக் கேட்டார். மகன் உடனே சரி என்றார். பையனின் முகம் சற்று வாடியது. வாசற்கதவை மட்டும் மஞ்சளாக்கலாம், டின்னைப் படித்துப் பார்த்து வாங்குவது உன் பொறுப்பு என்று தாயார் சொன்னதும் மலர்ந்துவிட்டது.

உங்கள் வீட்டு வேலிக்கும் ஒருநாள் சாயம் பூசுவீர்கள். அன்று வீட்டிலுள்ள மூத்தவர்களிடம், “உங்களுக்கு எந்த நிறம் வேண்டும்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களை இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.