காயல் துறையில் இறங்கிய குதிரைகள்

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தருகே பழையகாயல் என்னும் சிற்றூர் உள்ளது. கொற்கை தூர்ந்துபோன பின்னர், பாண்டியரின் பெருந்துறைமுகமாக விளங்கியது இப்பகுதியே. பழைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த இவ்வூர், 1986 முதல் தூத்துக்குடி மாவட்டத்தில் அமைந்துள்ளது. ஹுர்முஸ், கைஸ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரை ஏற்றி வரும் மரக்கலங்கள் யாவும் காயலைத் தொட்டுச் செல்லும் என்று, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகம் வந்த மார்க்கோ போலோ எழுதியுள்ளார்.

கண்ணியமிக்க வாசகர்களே! அக்குதிரை வாணிபம், கொடுக்கல் வாங்கலில் ஈடுபடும் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறாகும்.

நெல் விளையும் தாமிரபரணிக் கரையில் நல்ல போர்க்குதிரைகள் பெருகவில்லை. உயர்ந்த ஆண் குதிரையையும் பெண் குதிரையையும் சேர்த்தாலும், வளைந்த கால்களுடன் சிறு குட்டியே பிறந்ததாக மார்க்கோ போலோ கூறுகிறார். எனவே படைக்கு வேண்டிய குதிரைகள் கடல் கடந்தே வந்தன. இவ்வணிகத்தில் முதலிடம் வகித்தவர் கைஸ் தீவின் அதிபர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன். அவருடைய சகோதரர் தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரின் அமைச்சராக இருந்தார். காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் அன்றைய ஒப்பந்தத்தை விவரிக்கிறார். ஆண்டுதோறும் ஜமாலுத்தீனின் சொந்தக் குதிரைகள் 1,400 வந்திறங்க வேண்டும். ஒவ்வொன்றின் விலை 220 பொற்காசுகள். ஆக, ஆண்டுக்கு 3,08,000 பொற்காசுகள். வழியில் குதிரை இறந்தாலும் ஊனமுற்றாலும் அதன் விலையை அரச கருவூலமே செலுத்த வேண்டும் என்பதும் நிபந்தனை!

இவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரைகளின் கதி என்ன? மன்னர் ஆண்டுக்கு 2,000-க்கும் அதிகமான குதிரைகளை வாங்கியும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை என்கிறார் மார்க்கோ போலோ. நாற்பது நாள்கள் முளையடித்துக் கட்டிக் கொழுக்க வைத்தபின், பயிற்சியும் உரிய சேணமும் இன்றி வீரர்கள் ஏறி விரட்டுவார்கள். விரைவில் வலிமையான குதிரையும் பயனற்றுப் போகும் என்கிறார் வஸ்ஸாஃப்.

வஸ்ஸாஃப் வாங்கியவரிடம் குறை காண்கிறார். மார்க்கோ போலோவோ விற்றவரையும் குற்றம் சாட்டுகிறார். லாடம் அடித்து மருத்துவம் பார்க்கத் தெரிந்தவர்களை வணிகர்கள் உடன் அழைத்து வருவதில்லை. அத்தகையோர் தாமாக அங்கு செல்லவும் விடுவதில்லை. குதிரைகள் மடிந்தால்தான் அடுத்த ஆண்டும் விற்பனை நடக்கும் என்பது அவர் கூற்று.

குதிரையில் குறையில்லை. விலையும் வெளிப்படையாகவே பேசப்பட்டது. ஆயினும், பராமரிக்கும் கலையை வாங்காமல் பிராணியை மட்டும் வாங்கியதால், பாண்டியரின் பேரம் பொய்த்துப் போயிற்று.

விற்றவரின் பொறுப்பு என்ன? பொருள் வாங்குபவர் கைக்கு வந்து சேருமுன் அழிந்தால், அந்த இழப்பு விற்றவரையே சாரும் என்பது, நம் கடற்கரை மக்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பொதுவிதி. காயல் ஒப்பந்தமோ இதற்கு நேர்மாறாக அமைந்திருந்தது.

நபித்தோழர் ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களும் ஒரு குதிரை வாங்கினார்கள். அவர்களுடைய பணியாளர் 300 திர்ஹத்திற்குப் பேசி முடித்து வந்தார். குதிரையைக் கண்ட ஜரீர் (ரலி), அது இன்னும் அதிகம் பெறும் என்று உரியவரிடம் சொல்லி, தாமே விலையைப் படிப்படியாக உயர்த்தி 800 திர்ஹம் கொடுத்தார்கள். எல்லா முஸ்லிம்களுக்கும் நலம் நாடுவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தாம் அளித்த வாக்குறுதியே அதற்குக் காரணம் என்றார்கள். வாங்குபவர் விற்பவரிடம் உண்மையை மறைக்காத வணிகம் அது. காயலில், மார்க்கோ போலோ சொல்வது மெய்யானால், விற்பவர் தமக்குத் தெரிந்ததை வாங்குபவருக்குத் தெரியவிடவில்லை. முன்னோரின் கடல் வாணிபத்தைப் போற்றும் நாம் இதையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும்.

இன்று வெளிநாட்டிலிருந்து இயந்திரமோ வாகனமோ வாங்குவோர், விலையோடு நின்றுவிடாமல், வழியில் சேதமுற்றால் இழப்பு யாருடையது, பழுதுபார்க்க யார் உள்ளார், உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். விற்போர் கேட்கப்படுமுன்பே சொல்லிவிட வேண்டும். வல்ல அல்லாஹ் நம் வணிகத்தில் நேர்மையையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.