கண்ணாடிக்குள் ஒரு கை

எமரால்டு பக்கம் கொழுந்து பறிச்ச அக்கா. பக்கவாதத்துல வலது கை விழுந்துடுச்சு. "பிசியோவுக்கு ஊட்டி கூட்டிட்டுப் போனா வீட்டுக்காரருக்கு ஒரு நாள் கூலி போயிடுது டாக்டர்"னாங்க. முகம் பார்க்கிற கண்ணாடி இருக்கான்னு கேட்டேன். அதுக்கு ஒரு வரலாறு இருக்கு மக்களே 👇

சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படிச்சவர் வி.எஸ்.ராமச்சந்திரன். 1990-களில் அமெரிக்காவில், வெட்டி எடுத்த கை இன்னும் வலிக்குதுன்னு சொன்னவங்களுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி செஞ்சார். இருக்கிற கையோட பிம்பம், இல்லாத கை இருந்த இடத்துல தெரியும். சிலருக்கு வலி குறைஞ்சுது!

1999-ல் ஆல்ட்சுலர், ராமச்சந்திரன் குழு இதையே பக்கவாதத்துக்கு முயன்று லான்செட்டில் எழுதினாங்க. மொத்தமே 9 பேர். அதை நம்பி நான் யாருக்கும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டேன். 2018 காக்ரேன் தொகுப்பில் 62 ஆய்வுகள். கை அசைவுக்கு உதவுதுன்னு முடிவு. ஆனா வழக்கமான பயிற்சியோட சேர்த்துதான், அதுக்குப் பதிலா இல்ல.

கண்ணாடியை நெஞ்சுக்கு நேரா, பக்கவாட்டில் நிறுத்தணும். விழுந்த கை அதுக்குப் பின்னால. நல்ல கையை அசைச்சு, பிம்பத்தையே பார்க்கணும். மறைஞ்ச கையையும் கூடவே அசைக்க முயலணும்.

மற்ற பயிற்சிக்கு, 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல பிசியோ வீட்டுக்கே வருவாங்க. கேளுங்க.

அக்கா இடது கையால கொழுந்து கிள்ளுற மாதிரி செஞ்சு பார்த்தாங்க. கண்ணாடியில வலது கை கிள்ளுச்சு. கொஞ்ச நேரம் பேசவே இல்ல.