எங்கே இருக்கே?

செல்போன் வந்த பிறகு, ஹலோ சொல்வதற்கு முன்பே நாம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "எங்கே இருக்கே?" அந்தப் பக்கத்திலிருந்து வரும் பதிலும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "வந்துக்கிட்டே இருக்கேன். அஞ்சே நிமிஷம்." சொல்கிற ஆசாமி அப்போதுதான் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருப்பார்.

அச்சடிக்கும் இயந்திரங்களின் கதையும் இந்த ஒரு கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. எழுத்தைக் காகிதத்தில் அடிப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு குட்டிச் சுத்தியல் போதும். உள்ளே தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கிற பாகம் இந்தக் கணத்தில் சரியாக எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் வித்தை. அது தெரியாமல் அடித்தால், தப்பான எழுத்து விழும். அல்லது சரியான எழுத்து தப்பான இடத்தில் விழும்.

இந்தக் கேள்வியோடு ஆரம்ப காலத்திலேயே மல்லுக்கட்டியவர்களில் ஒருவர், நம்புங்கள், ஒரு பாட்டு வாத்தியார்.

டேவிட் எட்வர்ட் ஹியூஸ். பிரிட்டனில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். கென்டக்கியில் ஒரு கல்லூரியில் சங்கீதம் சொல்லிக்கொடுத்தார். அப்போது தந்தி என்றால் பெரும்பாலும் மோர்ஸின் புள்ளியும் கோடும்தான். ஒருவர் உட்கார்ந்து அதை எழுத்தாக்க வேண்டும். ஹியூஸுக்கு வேறு ஆசை. இந்த ஊரில் தட்டினால் அந்த ஊரில் எழுத்தாகவே அச்சாக வேண்டும். 1856ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார்.

இயந்திரம் பார்ப்பதற்கு ஒரு சின்ன பியானோ. வெள்ளைக் கட்டைகள் 14, கறுப்புக் கட்டைகள் 14. உள்ளே ஒரு சக்கரம், அதன் விளிம்பு முழுக்க எழுத்துகள். இரண்டு ஊர்களிலும் சக்கரங்கள் ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். வேண்டிய எழுத்து நேராக வரும் கணத்தில் கம்பி வழியே ஒரே ஒரு மின்துடிப்பு போகும். அந்த ஊரில் காகிதம் துள்ளி எழுந்து சக்கரத்தைத் தொடும். அவ்வளவுதான், எழுத்து விழுந்துவிடும்.

ஆனால் அந்த ஊர்ச் சக்கரத்திலும் அதே கணத்தில் அதே எழுத்து வந்து நின்றிருக்க வேண்டுமே? சக்கரம் வினாடிக்குச் சுமார் இரண்டு சுற்று சுற்றும். ஒரு சுற்றில் 28 இடங்கள். ஒரு வினாடியை 56 கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் ஓர் எழுத்துக்குக் கிடைக்கும் நேரம். கொஞ்சம் பிசகினால் தந்தி முழுக்க உளறல்.

இங்கேதான் பாட்டு வாத்தியார் வெளியே வருகிறார். அதிர்கிற உலோகத் தண்டு ஒன்றைச் சக்கரத்தின் வேகத்துக்குக் கடிவாளமாக வைத்தார். இரண்டு ஊர்த் தண்டுகளும் ஒரே சுருதியில் அதிர்ந்தால் இரண்டு சக்கரங்களும் ஒரே வேகத்தில் ஓடும். தம்புராவுக்குச் சுருதி கூட்டுகிற அதே வேலை.

அதைவிட முக்கியமான காரியம் இன்னொன்று செய்தார். சுருதி கூட்டியாகிவிட்டது, இனி கவலை இல்லை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. ஒவ்வோர் எழுத்து விழும்போதும் ஒரு சின்ன உலோக விரல் வந்து சக்கரத்தின் பற்களுக்கு நடுவே நுழையும். சக்கரம் ஒரு மயிரிழை முந்தியிருந்தால் பின்னுக்குத் தள்ளும். பிந்தியிருந்தால் முன்னுக்குத் தள்ளும். எழுத்துக்கு எழுத்து ஒரு திருத்தம். பிசகு சேர்ந்து சேர்ந்து பெரிதாக வாய்ப்பே இல்லை. பிரான்ஸ் 1860களின் தொடக்கத்தில் இந்த இயந்திரத்தை எடுத்துக்கொண்டது. பின்னால் ஐரோப்பாவின் பல நாடுகள்.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இது தினசரி கல்லாப்பெட்டியை எண்ணிக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது மாதிரிதான் தெரிகிறது. அன்றன்றைக்குப் பார்த்தால் வித்தியாசம் ஐந்து ரூபாயோடு போகும். வருஷக் கடைசியில் பார்த்தால் கடையே போகும்.

ஹியூஸின் காப்புரிமைக்கு ஒரு நூற்றாண்டு கழித்து வருவோம். 1959. ஐ.பி.எம். நிறுவனம் 1401 என்று ஒரு கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தியது. அதோடு கூட வந்தது 1403 என்கிற பிரின்ட்டர். நிமிடத்துக்கு 600 வரி. அதாவது வினாடிக்குப் பத்து வரி! அலுவலகங்கள் வாயைப் பிளந்தன.

இதில் எழுத்துகள் ஒரு சங்கிலியில் கோக்கப்பட்டிருக்கும். 48 எழுத்துகள் கொண்ட வரிசை, ஐந்து தடவை. மொத்தம் 240. சங்கிலி காகிதத்துக்கு முன்னால் குறுக்கே ஓடிக்கொண்டே இருக்கும், நிற்கவே நிற்காது. காகிதத்துக்குப் பின்னால் 132 சுத்தியல்கள் காத்திருக்கும். வேண்டிய எழுத்து தன் எதிரே வரும் கணத்தில் சுத்தியல் காகிதத்தை முன்னே தள்ளி அடிக்க வேண்டும்.

இந்தச் சங்கிலியில் எண்கள் வரிசையாக இருந்தன. 5க்கு அடுத்தது 6. கணக்கு ஓர் எழுத்து பிசகினால் 500 டாலர் காசோலை 600 டாலர் ஆகிவிடும். சம்பளப் பட்டியலும் காசோலையும் அடிக்கிற இயந்திரத்தில் இது விளையாட்டுக் காரியமா?

ஆகவே சங்கிலியை ஓட்டும் அமைப்போடு சேர்ந்து சுழலும் ஒரு வட்டு வைத்தார்கள். பக்கத்தில் ஒரு காந்த உணர்கருவி. வட்டு சுழலச் சுழல அது துடிப்புகளை அனுப்பும். எழுத்து வரிசை தொடங்கும் இடத்துக்குத் தனி அடையாளம். கம்ப்யூட்டர் அதைப் பார்த்து எண்ணிக்கொண்டே வரும். இப்போது எந்தச் சுத்தியலுக்கு எதிரே எந்த எழுத்து என்பது அதற்கு எப்போதும் தெரியும். காகிதத்துக்கும் ஒரு காவல் உண்டு. 12 வரிசைகளில் துளை போட்ட காகிதப் பட்டை ஒன்று வளையமாகச் சுற்றும். பக்கத்தின் தலை எங்கே, அடி எங்கே என்பதைத் துளைகள் வழியே அது சொல்லிக்கொண்டிருக்கும்.

அடுத்த திருப்பம் ஜப்பானில். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸில் நேரம் குறித்தது செய்கோ குழுமம். முடிவுகளை அச்சடித்துத் தரும் கடிகாரம் செய்த அனுபவத்தில், 1968ல் ஈ.பி. 101 என்ற குட்டி பிரின்ட்டரைக் கொண்டுவந்தார்கள். எலக்ட்ரானிக் பிரின்ட்டர் என்பதன் சுருக்கம்தான் ஈ.பி. அதன் மகன், ஆங்கிலத்தில் 'சன்', என்று பின்னால் வைத்த பெயர்தான் எப்சன். 1980ல் வந்த அவர்களுடைய எம்.எக்ஸ். 80 மாடல், மேஜைக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களின் செல்லப் பிள்ளை.

டாட் மேட்ரிக்ஸ் பிரின்ட்டர்கள் பலவற்றில் அச்சுத்தலையை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். ஒரு துடிப்பு கொடுத்தால் ஓர் அடி எடுத்து வைக்கும். நூறு துடிப்பு, நூறு அடி. இடது ஓரத்தில் மட்டும் ஓர் உணர்கருவி. அங்கே தொட்டுவிட்டுக் கிளம்பினால் அதற்குப் பிறகு எல்லாம் நம்பிக்கைதான். நடுவில் காகிதம் சிக்கி, தலை நகரவே இல்லை என்றாலும் பிரின்ட்டர் "நூறு அடி போயாச்சு" என்று எழுதிக்கொள்ளும். "அஞ்சே நிமிஷம்" என்கிற பதிலை அப்படியே நம்பும் அப்பாவி அது.

இன்க்ஜெட் காலத்தில் அந்த அப்பாவித்தனம் கட்டுப்படியாகவில்லை. புள்ளிகள் பொடியாகிவிட்டன, வேகம் கூடிவிட்டது. சாதாரண மோட்டாரைப் போட்டு, கூடவே ஒரு கண்ணையும் வைத்தார்கள். மூடியைத் திறந்தால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை இழுத்துக் கட்டியிருக்கும். வெறும் பிளாஸ்டிக் இல்லை. பல மாடல்களில் அங்குலத்துக்கு 150 கறுப்புக் கோடுகள். அச்சுத்தலையின் முதுகில், பட்டைக்கு ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் ஒளி உணரும் கண்கள். தலை ஓடும்போது கோடுகள் ஒளியை மறைக்கும், விடும், மறைக்கும், விடும். அதை எண்ணினால் எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும்.

எந்தத் திசை? அதற்குத்தான் இரண்டு கண்கள். ஒன்றுக்கொன்று கால் கோடு தள்ளி வைத்திருப்பார்கள். வலப்பக்கம் போனால் ஒரு கண்ணுக்கு முதலில் இருட்டும். இடப்பக்கம் போனால் மற்றதற்கு. இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஒரு கோட்டுக்கு நான்கு கணக்கு. அங்குலத்துக்கு 600. தலைமுடியை விட மெல்லிய தூரம். காகிதத்தை இழுக்கும் உருளையின் பக்கத்திலும் இதே மாதிரி கோடு போட்ட வட்டு ஒன்று பல பிரின்ட்டர்களில் உண்டு.

என் வீட்டு பிரின்ட்டர் ஒருநாள் ராத்திரி பைத்தியம் பிடித்த மாதிரி தலையைச் சுவரில் மோதிக்கொண்டது. டமார், டமார். சிவப்பு விளக்கு. மோட்டார் போச்சு என்று எடைக்குப் போட எடுத்து வைத்துவிட்டேன். தற்செயலாக வீட்டுக்கு வந்த மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மோட்டாருக்கு ஒண்ணும் ஆகலை சார். அதுக்குக் கண்ணு தெரியலை."

பட்டையில் மை படிந்திருக்கிறது. கோடு தெரியவில்லை. தலை நகர்ந்தாலும் கணக்கில் ஏறவில்லை. இன்னும் நகரவில்லையே என்று பிரின்ட்டர் மேலும் மேலும் மின்சாரம் கொடுத்து முடுக்கியிருக்கிறது. ஈரத்துணியால் மெதுவாக ஒரு துடைப்பு, பிறகு உலர்ந்த துணியால் ஒன்று. பழையபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

அந்தத் துணியில் ஒட்டியிருந்த மைக்கறையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனை கடைகள், கம்பெனிகள், எங்கே இருக்கிறோம் என்று பார்க்கிற பட்டையில் அழுக்குப் படிந்ததால் சுவரில் போய் மோதியிருக்கின்றன! அங்கெல்லாம் மோட்டாரைத்தான் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.