தரங்கம்பாடியில் ஆய்வும் அறமும்: 1708ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் இரண்டு

முன்னுரை

ஆய்வாளரின் கடமை யாது என வினவின், மெய்ம்மை காண்டலே என்பது பலரும் கூறும் விடையாகும். மூலத்தைப் பிழையறப் படித்தல், சான்றினைத் திரிக்காது காட்டல், பிறர் கருத்தைத் தமதென உரையாமை ஆகியன ஆய்வினுள் அடங்கும் அறங்கள். இவற்றை நம் மாணவர்க்குக் கற்பித்து வருகிறோம். ஆயின், ஆய்வுக்குப் பொருள் உதவிய மக்களுக்கு ஆய்வாளர் பட்டுள்ள கடன் யாது என்பதை அத்துணை ஆழ்ந்து எண்ணுவதில்லை. தமிழாராய்ந்த ஐரோப்பியருள் முற்பட்டோர் ஒருவரது வாழ்வில், 1708ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரு செய்திகள் இவ்வினாவிற்கு ஒளி தருகின்றன. அவற்றை ஒருங்கு வைத்து நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீகன்பால்குவின் தமிழ்ப்பணி

தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று 1620இல் டேனியர் தரங்கம்பாடியில் கால்கொண்டனர். அங்கு 1706ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள் சமயப்பணிக்கென வந்திறங்கியவர் செருமானியராகிய பர்த்தலோமேயு சீகன்பால்கு. முதியவராகிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திற்கு வரவழைத்துச் சிறுவரோடு சிறுவராய் அமர்ந்து மணலில் எழுத்துப் பயின்றார். ஐரோப்பிய மொழிகள் பல அறிந்த அழகப்பன் என்பார் மொழிபெயர்ப்பாளராக அவருக்குத் துணைநின்றார்.

வந்து ஈராண்டு கழிந்த அளவில், தாம் திரட்டிய சுவடிகளுக்கு அவர் ஓர் அட்டவணை வகுத்தார். ‘பிப்ளியோதிக்கா மலபாரிக்கா’ எனப்படும் அவ்வட்டவணையில் தமிழ்நாட்டுச் சமயத்தார் நூல்கள் மட்டும் 119 இடம்பெற்றுள்ளன. திருக்குறள் அவற்றுள் ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழநாட்டுக் கடற்கரையில் எந்நூல்கள் வழக்கில் இருந்தன என்பதை அறிவதற்கு இது விலைமதிப்பற்ற சான்றாகும். அவ்வாண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றையும் அவர் செருமன் மொழியில் பெயர்த்தார்.

ஏடுகள் வந்த வழி

இவ்வேடுகள் எவ்வாறு கிடைத்தன என்பதைச் சீகன்பால்குவே மறையாது எழுதியுள்ளார். தம்மிடம் பணிபுரிந்த எழுத்தர்களைப் பல நாட் பயணத் தொலைவிலுள்ள ஊர்களுக்கு அனுப்பி, இறந்துபட்ட அந்தணரின் கைம்பெண்டிரிடம் ஏடுகளை மிகக் குறைந்த விலைக்கு வாங்கச் செய்தார் என்பது அவர் தரும் செய்தி.

இதனைக் களவென்றல் பொருந்தாது. விலை கொடுக்கப்பட்டது, வாங்கிய முறையும் ஒளிக்கப்படவில்லை. ஆயினும் விற்றவர் நிலையையும் வாங்கியவர் நிலையையும் ஒப்பிட்டுக் காண்டல் வேண்டும். கணவனை இழந்த பெண்ணுக்கு அன்றைய தேவை பெரிது. ஏட்டின் அருமை அறிந்து விலை கூறுவார் அருகில் இலர். வாங்கியவரோ அதன் அருமையை நன்கு அறிந்தவர். அவ்வறிவினைத் தந்ததும் அவர்தம் ஆய்வே. எனவே, ஆய்வறிவே மலிந்த விலைக்கு வாங்கும் ஆற்றலாகவும் மாறிற்று.

அவ்வேடுகள் வாங்கப்படாதிருப்பின் செல்லுக்கு இரையாகியிருக்கும், அன்றி ஆடிப்பெருக்கில் காவிரிக்குச் சென்றிருக்கும் என்பார் உளர். அது பொய்யன்று, அவ்வாறு அழிந்த ஏடுகள் மிகப் பல. ஆயினும், நூலைக் காத்த நன்மை நூல் தந்தவருக்குரிய கடனைத் தீர்த்துவிடாது.

கைம்பெண் ஒருத்தியின் வழக்கு

அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் மற்றொரு கைம்பெண்ணின் பொருட்டுச் சீகன்பால்கு சிறைப்பட்டார். நாவிதர் ஒருவர் இறந்தபின், அவருக்கும் டேனிய வணிகக் குழுவின் மொழிபெயர்ப்பாளராகிய கத்தோலிக்கர் ஒருவருக்கும் இடையே இருந்த கடன் பற்றி வழக்கு எழுந்தது. சீகன்பால்கு அப்பெண்ணுக்காகப் பன்முறை பரிந்து பேசினார். தேவாலயத்தில் கோட்டைத் தலைவர் ஹாசியசின் முன் மண்டியிட்டு முறையிடுமாறும் அவளுக்கு அறிவுரை கூறினார். தம் அதிகாரத்தில் தலையிடுவதாகக் கருதிய ஹாசியஸ் அவரை அழைத்துவர ஆளனுப்பினார். எழுத்து வடிவில் ஆணை வேண்டுமெனச் சீகன்பால்கு கேட்கவே, பிடித்துச் செல்லப்பட்டார். வினாக்களுக்கு விடைகூற மறுத்தமையால் சிறையிடப்பட்டார். நான்கு திங்களுக்குச் சற்று மேற்பட்ட காலம் அச்சிறை நீடித்தது.

அவருடைய நோக்கம் முற்றும் தூயது எனத் துணிதல் அரிது. வழக்கின் மறுபக்கத்தில் நின்றவர் கத்தோலிக்கர். அந்நாளில் இரு திறத்தார்க்கும் இடையே சமயப் பூசல் முற்றியிருந்தது. பலர் காணத் தலைவர் முன் மண்டியிடும் இடர்ப்பாட்டினை ஏற்கவேண்டியவளும் அவளேயாவாள். இவற்றை மனத்திற் கொண்டாலும் ஒன்று தெளிவு. நாவிதர் மனைவியின் கடன் வழக்கு அவர்தம் நூலாய்வுக்கு ஒரு பயனும் தருவதன்று. ஏட்டறையில் அமைதியாக இருந்து தம் பணியைத் தொடர்ந்திருக்கலாம். அங்ஙனம் இராது, எவரிடையே வாழ்ந்து மொழி கற்றாரோ அவருள் எளியாள் ஒருத்திக்காகத் தம் நலத்தை இழக்கத் துணிந்தார். ஆய்வுக்கு அப்பாற்பட்ட கடமை என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

ஏடு விற்ற பெண்டிரையும் நாவிதர் மனைவியையும் ஒரே ஆண்டில் ஒருவரே கண்டார். வழக்குமன்றத்தில் வந்த துன்பம் துன்பமாகப் புலப்பட்டது. ஏட்டு வாணிகத்தில் வந்த துன்பம் வாய்ப்பாகப் புலப்பட்டது. தம் ஆய்வுக்குப் பயன்படும் இடத்தில் பிறர் இன்னலைக் காணாது போதல் நற்பண்பினர்க்கும் நேரும் குறை என்பதை இதனால் உணர்கிறோம்.

பெயர் சுட்டும் கடமை

1712 முதல் 1714 வரை தமிழர் பலர், சமயம், வாழ்க்கை, கல்வி பற்றிய வினாக்களுக்கு மடல்வழி விடையளித்தனர். செருமன் மொழியில் பெயர்க்கப்பட்ட 99 மடல்கள் ஹாலே நகரில் அச்சேறின. எழுதியோர் பெயர்களோ அவற்றுடன் அச்சேறவில்லை. பெயரை மறைத்தல் சிலபோது காப்பாகும் என்பது உண்மையே. எனினும், அறிவினை வழங்கிய தமிழர் பெயரற்றோராக, தொகுத்தவர் பெயரே வரலாற்றில் நின்றது. இதற்கு மாறாக, உ. வே. சாமிநாதையர் ஏடு உதவியோர் பெயரையும் ஊரையும் தம் பதிப்பு முன்னுரைகளில் நன்றியுடன் பொறித்தமை நாம் போற்றிப் பின்பற்றத்தக்க நெறியாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கடமைகள் பெறப்படும். ஏடு தருவோர்க்கு அதன் அருமையை எடுத்துரைத்தல் முதலாவது. அவர் பெயரை, அவர் இசைந்தால், ஆய்வில் பதிதல் இரண்டாவது. அவர்க்கு இன்னல் நேர்ந்தவழி, ஆய்வின் எல்லை இதுவென ஒதுங்காது குரல் கொடுத்தல் மூன்றாவது.

சீகன்பால்குவைக் குறைகூறும் தகுதி எமக்குண்டு எனக் கருதி இதனை எழுதினோமல்லேம். காவிரிக்கரை ஊர் ஒன்றில் மூதாட்டி ஒருவர் தம் கணவரின் ஏட்டுக்கட்டினை எம் கையில் தந்தார். ஏட்டின் நீளம், அகலம், வரி எண்ணிக்கை ஆகியவற்றை எம் குறிப்பேட்டில் வழுவின்றி எழுதியுள்ளோம். அம்மூதாட்டியின் பெயர் அதில் இல்லை.