சக நோயாளர் ஆதரவு: தாம்பரம் வட்டார வரலாறு

சக நோயாளர் ஆதரவு என்பது, ஒரு நோயைத் தாங்கி வாழப் பழகியவர், அதே நோய் புதிதாகக் கண்ட இன்னொருவருக்குத் துணை நிற்கும் முறை. மருந்தை விடாமல் சாப்பிடுவது, வீட்டில் யாரிடம் எப்போது சொல்வது, மறுபடி வேலைக்குப் போவது போன்ற, மருந்துச் சீட்டில் எழுத முடியாத விவரங்கள் இதில் கைமாறுகின்றன. நோயாளிகளின் குடும்பத்தார் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வதும் இதில் அடங்கும். தமிழ்நாட்டில் இம்முறை வேரூன்றியதில் சென்னைக்கும் தாம்பரத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

உலகப் பின்னணி

பாரிசின் பிசேத்ர் மருத்துவமனையில் நோயாளியாகச் சேர்ந்து குணமடைந்த ழான் பாப்டிஸ்ட் புசேன், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கேயே மனநோயாளர் பிரிவின் பொறுப்பாளரானார். நலமடைந்தவர்களையே பணியாளர்களாக அமர்த்தினார். 1797இல் நோயாளிகளின் சங்கிலிகளை அகற்றினார். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடிநோயோடு போராடிய இருவர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தைத் தொடங்கினர். அது 1957இல் இந்தியாவுக்கு வந்தது. 1983இல் டென்வரில் கூடிய எய்ட்ஸ் நோயாளிகள், தங்களைப் பற்றிய முடிவுகளில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டனர். 1994இல் பாரிசில் நடந்த எய்ட்ஸ் உச்சி மாநாடு அக்கோரிக்கையை ஏற்றது.

சானடோரியம்: காசநோயும் எச்.ஐ.வி.யும்

தாம்பரத்தில் 1928இல் மருத்துவர் சௌரி முத்து காசநோயாளிகளுக்கான சானடோரியத்தைத் தொடங்கினார். 1937இல் அரசு அதை ஏற்றது. அப்பகுதிக்கும் ரயில் நிலையத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

காசநோய்க்குத் தக்க மருந்து வராத காலத்தில் நோயாளிகள் மாதக்கணக்கில் சானடோரியங்களில் தங்கவேண்டியிருந்தது. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் நோய் குணமாகும் என்று 1959இல் காட்டியது. ஏழைகளுக்கு அது பெரும் விடுதலை. ஆனால் பக்கத்துக் கட்டில்காரரின் துணை போயிற்று. ஊராருக்குத் தெரியாமல் ஒவ்வொருவரும் தனியாகவே ஆறு மாதமோ ஓராண்டோ மருந்து சாப்பிட வேண்டியதாயிற்று. காசநோயிலிருந்து மீண்டவர்களுக்குப் பயிற்சி தந்து புதிய நோயாளிகளுக்குத் துணையாக்கும் ரீச் போன்ற சென்னை அமைப்புகளின் பணி, இந்தக் குறையை நிரப்ப முயல்கிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. பல மருத்துவமனைகள் கதவடைத்த நாட்களில், 1993 முதல் தாம்பரம் இந்நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. வெளியூர்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் தங்களைப் போன்றவர்களை இங்கே சந்தித்தார்கள். 1997இல் சென்னையில் எச்.ஐ.வி. உள்ள 12 பேர் சேர்ந்து ஐ.என்.பி. பிளஸ் என்ற தேசியக் கூட்டமைப்பை உருவாக்கினர். அடுத்த ஆண்டு பி. கௌசல்யா முதலிய 18 பெண்கள் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கினர். கணவர் வழியாகத் தொற்றுக்கு ஆளாகி, அவர் இறந்தபின் புகுந்த வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட பெண்களுக்குச் சொத்துரிமையும் குழந்தைகளின் படிப்பும் மருந்தளவுக்கு அவசியமாக இருந்தன. அதை அறிந்து பேச அவர்களைப் போன்ற பெண்களே வேண்டியிருந்தது.

2004 ஏப்ரல் 1 அன்று அரசின் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை (ஏ.ஆர்.டி.) தொடங்கியபோது, முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. அப்போது மாத்திரையைக் காலையும் இரவும் நேரம் தவறாமல் வாழ்நாள் முழுதும் சாப்பிட வேண்டும். விட்டுவிட்டால் மருந்துக்கு வைரஸ் பழகிவிடும். கூட்டுக் குடும்பத்தில் மாத்திரையை எங்கே வைப்பது, கல்யாண வீட்டுக்குப் போகும் நாளில் எப்படிச் சாப்பிடுவது, தொடக்கத்தில் வரும் தலைசுற்றல் எத்தனை நாளில் அடங்கும் என்பதையெல்லாம் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தவரால்தான் சரியாகச் சொல்ல முடிந்தது. இந்தத் துணையின் மதிப்பை அரசும் உணர்ந்தது. ஏ.ஆர்.டி. மையங்களில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கென்றே ஒருங்கிணைப்பாளர் பணியிடம் சம்பளத்தோடு உருவானது.

மனநலம், குடிநோய்

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆய்வு மையத்தை நிறுவினார். குடிப்பவருக்கு மட்டுமின்றி அவரது குடும்பத்துக்கும் சிகிச்சை வேண்டும் என்பது அதன் கொள்கை. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் சாரதா மேனன், 1984இல் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃபைத் தோற்றுவித்தார். 1989இல் மனநோயாளிகளின் குடும்பத்தார் ஆஷா என்ற சங்கத்தை அமைத்தனர். ‘எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?’ என்பதுதான் வயதான பெற்றோரின் ஓயாத கவலை. அதைச் சேர்ந்து சுமக்க அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது.

1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய பான்யன், வீடற்ற மனநோயாளிப் பெண்களுக்கு அடைக்கலம் தந்தது. பின்னர் கோவளம் வட்டாரத்திலும் அதன் பணி விரிந்தது. 2015இல் தொடங்கிய ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தில் நான்கைந்து பேர் ஊருக்குள் சாதாரண வாடகை வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள். சமையலையும் கடைக்குப் போவதையும் பகிர்ந்துகொள்கிறார்கள்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டது, மனநோயாளிகளின் உரிமையை நாட்டின் முன் நிறுத்தியது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மாநில மனநல ஆணையத்தில் மனநோய் கண்டவர்களுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் இடம் தருகிறது.

வரம்புகளும் தேவையும்

சக நோயாளர் ஆதரவு சிகிச்சைக்கு மாற்று ஆகாது. தற்கொலை எண்ணம், மருந்தின் கடும் பக்கவிளைவு போன்ற நிலைகளில் உடனே மருத்துவரிடம் சேர்ப்பதே துணைவரின் முதல் கடமை. கேட்டதை வெளியே சொல்லாதிருப்பது அடிப்படை விதி. பிறர் துயரை நாள்தோறும் கேட்பவருக்கும் ஓய்வும் ஆலோசனையும் வேண்டும்.

எச்.ஐ.வி. துறையில் பட்டவர்களின் அறிவுக்குப் பணியிடமும் சம்பளமும் கிடைத்துவிட்டன. மாவட்ட மனநலத் திட்டத்திலோ மனநல மருத்துவர், உளவியலர், சமூகப் பணியாளர், செவிலியர் ஆகியோருக்கு இடம் இருக்கிறது. நோயிலிருந்து மீண்டவருக்கென்று ஒரு பணியிடம் இல்லை. தாம்பரத்தில் பலன் தந்த முறையை மனநலத்துக்கும் கொண்டுவருவதே இவ்வரலாற்றில் எஞ்சியிருக்கும் வேலை.